மொட்டையின் காதுகள்

நாற்சந்தியில் நாற்பது நிமிடம் அசையாமல் நின்றுவிட்டு வந்திருந்தான். இரண்டு காதிலும் பயறு அளவில் ஒரு மைக், சட்டைப் பையில் ரெக்கார்டர். பார்த்தவர்கள் யாருக்கோ காத்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டி ஒருமுறை கேட்டான். அச்சு அசல் தெரு. முதுகுக்குப் பின்னால் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. எதிரே வண்டிகள் இடமிருந்து வலமாக ஓடின. திருப்தியோடு கழற்றி, மனைவியின் தங்கையிடம் கொடுத்தான். வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு.

"எப்படி?"

"நல்லா இருக்கு மாமா. ஒரே ஒரு சந்தேகம்."

"என்ன?"

"பஸ்ஸை ஏன் என் மூளைக்குள்ள பார்க் பண்ணியிருக்கீங்க?"

"நல்லாக் கேளு. பஸ் பின்னாடி நிக்குது. வண்டிங்க முன்னாடி போகுது."

"வண்டிங்கதான் பின்னாடி போகுது. முன்னாடி ஒண்ணுமே இல்ல. ஒரே மொட்டை வெளி."

"காதைக் கொஞ்சம் தீட்டிக்கிட்டுக் கேளேன்."

"கண்ணுதான் போச்சு மாமா. காது வாங்கின மாதிரியே இருக்கு."

வாலுவுக்குப் பார்வை போனது பத்தொன்பது வயதில். இப்போது இருபத்து நான்கு. அதன் பிறகு வெளியே போகும்போதெல்லாம் அக்காவின் முழங்கை அவள் கையில் இருந்தது. போன வருஷம் அக்கா போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் ஆள் இல்லை. மாமாவின் முழங்கை அந்த இடத்துக்கு வந்தது. வாலுவின் அம்மாவான அத்தையும் வாலுவும் கீழ் மாடியில், அவன் மேல் மாடியில்.

இப்போது வாலுவுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. வக்கீல்களின் பேச்சுப் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் அலுவலகம். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கலாம். ஆனால் இறங்கும் இடத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் அந்த நாற்சந்தி. அங்கே சமிக்ஞை விளக்கு உண்டு. அது கண் உள்ளவர்களிடம் மட்டும்தான் பேசும்.

பார்வையற்றவர்களுக்கு நடக்கக் கற்றுத்தரும் பயிற்சியாளர் அம்மா மூன்று முறை அவளை அங்கே கூட்டிப் போனார். சூத்திரம் எளிது. எதிரே குறுக்காக ஓடும் வண்டிகள் நிற்க வேண்டும், பக்கத்தில் அவள் போகும் திசையிலேயே போகிற வண்டிகள் கிளம்ப வேண்டும். அந்தக் கிளம்பும் சத்தத்தில் கோலை நீட்டி இறங்கலாம். ஆனால் அந்த முனையில் ஒரு வில்லங்கம். அவள் நிற்கும் இடத்துக்குப் பின்னாலேயே பஸ் நிறுத்தம். எதிரே தலை முதல் கால் வரை கண்ணாடி போட்ட கட்டிடம். பின்னால் கிளம்பும் பஸ்ஸின் சத்தம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். மூன்றாம் முறை வாலு அதைக் கிளம்பும் வண்டிகள் என்று நினைத்து இறங்கிவிட்டாள். பயிற்சியாளர் அம்மா காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்ததில் சட்டைப் பொத்தான் தெறித்தது. லாரி போன காற்று முகத்தில் அடித்தது என்று வாலு பிறகு சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து அந்த முனையின் பெயரை எடுத்தாலே கோலைப் பிடித்த கை இறுகிவிடும்.

"வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஒருத்தியைத் தொலைச்சது போதும்" என்றாள் அத்தை.

பயிற்சியாளர் அம்மா சனிக்கிழமை கடைசியாக ஒருமுறை வருவார். அன்று தனியாகக் கடந்தால் வேலை, இல்லையென்றால் வீடு. அதற்குள் அந்த முனையை வாலுவின் காதுக்கு வீட்டிலேயே பழக்கிவிட வேண்டும். அதுதான் அவன் திட்டம். விளையாட்டு நிறுவனங்களுக்குச் சத்தம் செய்துகொடுக்கும் ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவன். ஹெட்போனுக்குள் ஒரு வெளியை உண்டாக்குவதுதான் அவனுடைய பிழைப்பு.

வாலுவிடம் தோற்றதும் காரணம் புரிந்துவிட்டது. கல்லூரியில் படித்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிய விஷயம்தான். காது மடலின் ஒவ்வொரு வளைவும் சத்தத்தை ஒரு மாதிரி வடிகட்டி உள்ளே அனுப்புகிறது. முன்னாலிருந்து வந்தால் ஒரு மாதிரி, பின்னாலிருந்து வந்தால் வேறு மாதிரி. மூளை பிறந்ததிலிருந்து தன் காதின் வளைவுகளுக்கே பழகிக் கிடக்கிறது. அவன் காது வழியாக வந்த தெருவை அவளுக்குக் கொடுத்தது, அவன் பவர் கண்ணாடியை அவளுக்கு மாட்டிவிட்ட கதை.

அப்படியானால் வழி சுலபம். மறுநாள் மைக்குகளை வாலுவின் காதிலேயே வைத்து, அவளையே முனையில் நிறுத்தினான்.

"நடுங்குதா?"

"இல்ல மாமா, குளிருது."

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

பத்து நிமிடம்தான் நிற்க முடிந்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் அவள் தலை வெட்டி வெட்டித் திரும்பியது. வீட்டில் போட்டுக் கேட்டால் தெரு முழுக்க ஊஞ்சலாடியது. பஸ் இடது பக்கம் போய், தலையைச் சுற்றி வந்து, வலது பக்கம் உட்கார்ந்தது. வாலு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "வாந்தி வருது" என்றாள். கொஞ்சம் கழித்து, "இன்னொரு தடவை அங்க போய் நிக்கச் சொல்லாதீங்க மாமா" என்றாள்.

நிற்கிற காது வேண்டும். பயப்படாத தலை வேண்டும். ஸ்டுடியோவில் அப்படி ஒன்று இருந்தது.

அதன் பெயர் மொட்டை. துணிக்கடை பொம்மையின் தலை. மூன்று வருஷத்துக்கு முன் அவனும் ஸ்டுடியோ மெக்கானிக்கும் சேர்ந்து உள்ளே குடைந்து, இரு பக்கமும் மைக் வைத்து, ரப்பர் காதுகள் பொருத்தியது. காதுக்கு அச்சு எடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அவன் மனைவி வந்து உட்கார்ந்தாள். காது நிறைய அச்சுப் பசையை அப்பிக்கொண்டு இருபது நிமிடம் சிரிக்காமல் இருக்க வேண்டும். பத்தாவது நிமிடம் சிரித்தாள். அந்த அச்சு பாழ். இரண்டாம் முறை இருபத்தைந்து நிமிடம் சுவரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மொட்டையைச் சுற்றிப் பன்னிரண்டு இடங்களில் குலுக்கிய சாவிக்கொத்தின் பதிவை ஒன்பது பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். எட்டுப் பேர் மண்டைக்குள்ளேயே கேட்கிறது என்றார்கள். அவள் ஒருத்தி மட்டும், "வெளிய கேக்குதே. சாவிக்கொத்து அதோ அந்த ஜன்னல்கிட்ட" என்றாள். மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான். "புருஷன் சமைச்சா உப்பில்லைன்னு எந்தப் பொண்டாட்டி சொல்லுவா?" அவனும் சிரித்தான். மொட்டை தோல்வி என்று அறிக்கை எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

இப்போது வெளியே எடுத்தபோது மெக்கானிக் கேட்டான்: "ஊத்திக்கிட்ட சரக்குடா அது. அதை வெச்சு என்ன பண்ணப் போற?"

"ஆடாம நிக்கும்."

"கல்லுகூடத்தான் ஆடாம நிக்கும்."

இருந்தாலும் பழைய பேட்டரியை மாற்றி, உள்ளே அறுந்திருந்த ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்தான். மொட்டையின் தலையில் இருந்த தன் தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

நாற்சந்தியில் ஸ்டாண்டை விரித்து, கம்பியில் இருந்த பழைய கோட்டுக்கு நேராக ஏற்றி இறுக்கி, மொட்டையை மேலே உட்கார வைத்தான். போக்குவரத்துக் காவலர் தன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். மொட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"யாருங்க இவரு?"

"சத்தம் பதிவு பண்றோம் சார்."

"உடம்பு எங்க?"

"வரல சார்."

காவலர் காதைத் தொட்டுப் பார்த்தார். ரப்பர் வளைந்து மீண்டது. "காது மட்டும் நெஜமாட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை பதிவு செய்தான். தெருவைப் போட்டுக் காட்டும் முன் கேட்க இன்னொரு சின்னப் பதிவும் எடுத்தான். அமைதியான அறையில் மொட்டையை நடுவில் வைத்து, கடிகாரத்தின் பன்னிரண்டு எண்கள் இருக்கும் இடங்களில் போய் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினான். மூக்குக்கு நேரே பன்னிரண்டு மணி, பிடரிக்குப் பின்னால் ஆறு மணி. வரிசையாக இல்லாமல் கலைத்துப் போட்டான்.

இந்த முறை அறைக்குள் வைத்துக் கேட்கச் சொல்லவில்லை. நாலு சுவருக்குள் உட்கார்ந்தவளிடம் தெருவைக் காட்டினால் மூளை நம்பாது. இது அறை, அறையில் பஸ் எப்படி வரும் என்று அடம்பிடித்து, சத்தத்தைத் தலைக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். அதனால் பால்கனி. செருப்பும் போடச் சொன்னான். கையில் கோலையும் கொடுத்தான்.

"பவுடர் போட்டுக்கவா?"

"தலையைத் திருப்பாம இரு. நீ திரும்பினா தெருவும் உன்கூடவே திரும்பிடும். அவ்வளவுதான் விதி."

யாருடைய காது என்று சொல்லவில்லை. முன்கூட்டிச் சொன்னால் சோதனை கெட்டுவிடும், அது தொழில்முறை. சொல்ல வாயும் வரவில்லை.

சாவிக்கொத்து குலுங்கியது.

"மூணு மணி."

சரி.

"ஆறு மணி. பிடரிக்குப் பின்னால." அவள் குரல் மாறியது. "மாமா, ஹெட்போன் போட்டிருக்கேனா இல்லையா?"

"போட்டிருக்க. மேல சொல்லு."

"பதினொண்ணு. ஒம்பது. பன்னண்டு... மாமா, பன்னண்டு முன்னாடி இருக்கு! ரெண்டடி தள்ளி. கையை நீட்டினா சாவியைப் பிடுங்கிடலாம்."

உண்மையாகவே கையை நீட்டினாள். காற்றைப் பிடித்துவிட்டுச் சிரித்தாள்.

பன்னிரண்டில் பதினொன்று சரி. ஏழு மணியை மட்டும் எட்டு என்றாள். அவன் தன் கையில் இருந்த தாளை இரண்டு முறை எண்ணினான். ஹெட்போனை வாங்கித் தானும் மாட்டிப் பார்த்தான். சாவிகள் அவனுடைய இரண்டு காதுக்கும் நடுவில், மண்டைக்குள், ஈ மாதிரி சுற்றின. முன் இல்லை, பின் இல்லை. திருப்பிக் கொடுத்தான்.

"தெருவைப் போடுங்க" என்றாள் வாலு.

போட்டான். அவள் கோல் பால்கனித் தரையில் ஒருமுறை தட்டி நின்றது. பஸ் கிளம்பியபோது பிடரியைத் தடவிக்கொண்டாள். "இது பின்னாடி. இதோ, இதோட எதிரொலி முன்னாடி வருது. மெலிசா, தகரத்துல தட்டின மாதிரி. இந்தச் சனியனைத்தான் அன்னைக்கு வண்டின்னு நினைச்சேன்." அதே இடத்தை ஏழு முறை போடச் சொன்னாள். எட்டாம் முறை வாயால் சொன்னாள். "முன்னாடி நின்னாச்சு... பக்கத்துல கிளம்புது... இப்ப."

ரெக்கார்டரோடு சேர்த்து எடுத்திருந்த வீடியோவில் பார்த்தான். விளக்கு அப்போதுதான் மாறியிருந்தது.

புதன்கிழமைக்குள் அவளுக்கு அந்த முனை மனப்பாடம். காலை நெரிசலில் ஒரு தடவை, வெறிச்சோடிய மதியத்தில் ஒரு தடவை என்று பால்கனியில் நின்ற இடத்திலேயே கடந்துகொண்டிருந்தாள். வியாழக்கிழமை திடீரென்று ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, மொட்டை குள்ளமா?"

"ஏன்?"

"எல்லாச் சத்தமும் ஒரு பிடி மேல இருந்து வருது. லாரி இஞ்சின் நெஜத்துல என் தோளுக்கு வரும். இதுல காதுக்கு வருது. ஸ்டாண்டை எந்த உயரத்துல வெச்சீங்க?"

அவன் யோசித்தான். கம்பியில் இருந்த பழைய கோடு. மூன்று வருஷத்துக்கு முன், அச்சு எடுத்த அன்று, மனைவியைப் பக்கத்தில் நிற்க வைத்து ஆணியால் கிழித்தது. வாலு அக்காவைவிட ஒரு பிடி உயரம்.

"பழைய கோடு ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு வெச்சேன்."

"யாரோட உயரம் அது?"

பால்கனிக் கம்பியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அவன் அதை எடுத்து மடித்தான். பிறகு சொன்னான். காது யாருடையது என்பதையும் சொன்னான்.

வாலு ஹெட்போனைக் கழற்றவில்லை. மெதுவாகக் கையை உயர்த்தி அதன் மெத்தைக்கு அடியில் விரலை விட்டுத் தன் காதைத் தடவினாள். மேல் விளிம்பு, உள் மடிப்பு, மடல்.

"மொட்டை எங்க?"

கொண்டுவந்து மடியில் வைத்தான். ஒரு கை தன் காதில், ஒரு கை மொட்டையின் காதில். இரண்டு விரலும் ஒரே வேகத்தில் நகர்ந்தன. மேல் விளிம்பில் ஒரு சின்ன நெளிவு உண்டு. அங்கே இரண்டு விரலும் ஒன்றாக நின்றன.

"இது அம்மா காது மாமா" என்றாள். "எங்க ரெண்டு பேருக்கும் அம்மா காது." உள்ளே திரும்பிக் கத்தினாள். "அம்மா! இங்க வா. ஒரு நிமிஷம்."

"அடுப்புல பால் இருக்கு."

"அணைச்சிட்டு வா."

அத்தை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஹெட்போனைச் சந்தேகமாகப் பார்த்தாள். "இதெல்லாம் எனக்கு எதுக்கு? மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க."

"சும்மா ஒரு தடவை கேளுங்க அத்தை."

மாட்டினான். காலை நெரிசல். அத்தை புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு சட்டென்று தலையைக் குனிந்து, "ஐயோ லாரி!" என்று பக்கவாட்டில் பாய்ந்து துணிக்கொடியோடு மோதினாள். வாலுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தை ஹெட்போனைக் கழற்றி, தெருப்பக்கம் எட்டிப் பார்த்தாள். கீழே ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது.

"எங்கடி போச்சு அது?"

"அது போன வாரம் போச்சும்மா."

அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இவ்வளவு கிட்டவா வருது?" என்றாள். பிறகு தானாகவே மறுபடி மாட்டிக்கொண்டாள். இந்த முறை வாலுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். இரண்டு நிமிடம் போனது. மூன்று நிமிடம். பதிவில் விளக்கு மாறும் நேரம் வந்தது, அவனுக்கு அது கேட்காது, கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டான். அதே நொடியில் அத்தை மகளின் மணிக்கட்டை முன்னால் தள்ளினாள்.

"இப்ப போலாம்ல?" என்றாள். கண்ணைத் திறந்து, தான் சொன்னதைத் தானே கேட்டவள் போல விழித்தாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பாலைப் பார்க்கப் போனாள்.

அன்று சாயங்காலம் அவன் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பழைய அறிக்கையைத் தேடி எடுத்தான். ஒன்பது வரிகள். எட்டு வரிகளில் நான்கு சரி, ஐந்து சரி, மூன்று சரி. ஒன்பதாம் வரி பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் அவன் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு: 'உறவினர். கணக்கில் சேர்க்கவில்லை.' அடித்த கோட்டுக்குக் கீழே எண் தெளிவாகத் தெரிந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

மெக்கானிக் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். படித்தான். "உப்பு சரியாத்தான் இருந்திருக்கு" என்றான். இந்த முறை சிரிக்கவில்லை. ஒரு டீ வாங்கி வந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

டீ ஆறியது. அவன் பேனாவை எடுத்து, தாளின் அடியில் அந்த வரியை மறுபடி எழுதினான். அதன் கீழே இன்னும் இரண்டு வரிகள் சேர்த்தான். ஒன்றில் பதினொன்று. இன்னொன்றில் எண் போடாமல், 'குதித்தார்' என்று எழுதினான். ஸ்டாண்டின் கம்பியைத் துடைத்தபோது அந்தக் கோட்டையும் பார்த்தான். அதற்கு ஒரு பிடி மேலே புதிதாக ஒரு கோடு கிழித்தான். பழையதை அழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை புது உயரத்தில் ஒருமுறை பதிவு செய்து கொடுத்தான். "இப்பத்தான் லாரி தோளுக்கு வந்துச்சு" என்றாள் வாலு.

சனிக்கிழமை பயிற்சியாளர் அம்மா நேரத்துக்கு வந்தார். அவருக்கு நாலு கடை தள்ளிக் கேட்கும் குரல்.

"ஹெட்போன்ல பழகினதா சொன்னாங்க. வீட்டோட சரி. ரோட்ல காதுல எதுவும் இருக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது டீச்சர்."

"அங்க தலை ஆடக் கூடாது. இங்க ஆடலாம். நல்லாத் திருப்பிக் கேளு. தெரு உன்கூடத் திரும்பாது. இருக்கிற இடத்துலயேதான் இருக்கும்."

வாலுவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு வாரமாக அசையாமல் வைத்திருந்த தலையை இடம் வலமாகத் திருப்பிப் பார்த்தாள், புதுச் செருப்பைப் போட்டுப் பார்ப்பது போல. "ஆமா டீச்சர்" என்றாள். "அங்கேயேதான் இருக்கு."

பயிற்சியாளர் அம்மா அவனைப் பார்த்து விரலை நீட்டினார். "நீங்க இந்தக் கம்பத்துக்கிட்டயே நில்லுங்க. கூப்பிடக் கூடாது, இருமக் கூடாது, ஒண்ணும் கூடாது. போயிட்டுத் திரும்பியும் வரணும் அவ."

அவன் கம்பத்தருகே நின்றான். மேடையில் காவலர் அவனை அடையாளம் கண்டு, மொட்டை எங்கே என்று சைகையில் கேட்டார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

பின்னால் பஸ் கிளம்பியது. எதிரே கண்ணாடியில் பட்டு வந்தது. வாலுவின் கோல் அசையவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, பிடரியைத் தடவிக்கொண்டாள். குறுக்கே ஓடிய வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பியது, பிறகு கார், பிறகு எல்லாம். கோல் நீண்டது. பயிற்சியாளர் அம்மா மூன்றடி பின்னால், கையைக் காலருக்கு நேராகத் தயாராக வைத்துக்கொண்டு போனார். பாதியில் அந்தக் கை தாழ்ந்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் காதுக்கு அவன் தெரு கேட்டது. அவ்வளவுதான் கேட்க முடியும் என்று இப்போது தெரியும்.

ஒரு விளக்கு மாறி, இன்னொன்று மாறி, மறுபடி எல்லாம் கிளம்பும் சத்தம். கோலின் தட்டல் நெருங்கி வந்தது. நடைபாதை விளிம்பில் ஏறியது. அவனுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவன் மூச்சுகூட விடவில்லை.

"மாமா, கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க" என்றாள் வாலு. "வழியில நிக்கறீங்க."

தள்ளி நின்றான். அவள் முழங்கையைத் தேடாமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.